உடலுக்கு ஒரு பழைய சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் ஒரு பழைய தேவாலயத்தின் முன் கூரையிட்ட வாசல் ஒன்றைப் பார்த்தேன். ‘லிச் கேட்’, பிண வாசல் என்றார்கள். ஜெர்மன் மொழியிலும் பிணத்துக்கு ‘லைஷ’ என்று பெயர். லிச்ஃபீல்ட் நகரின் பெயருக்கே பிணக்காடு என்றுதான் பொருளாம். உடலைக் குறித்த சொல்லை இவ்வளவு இழிவாக்கிவிட்டார்களே! ‘போல’ என்று பொருள்படும் ஆங்கில ‘லைக்’ இதற்கு உறவா?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உறவுதான். பழைய ஆங்கிலத்தில் ‘லீச்’ என்றால் உடல், உருவம். ஒத்த உருவம் கொண்டது ‘யெலீச்’. அது தேய்ந்து ‘லைக்’ ஆயிற்று.

லிச்ஃபீல்டை விட்டுவிடுங்கள். அது ‘சாம்பல்நிறக் காடு’ என்னும் கெல்டியப் பெயரிலிருந்து, ஆங்கிலத்துக்கு முன்பு அங்கே வழங்கிய மொழியின் பெயரிலிருந்து, வந்தது. ஓசையை மட்டும் நம்பிச் சொல்லுக்குப் பிறப்பு எழுதும் பழக்கம் நமக்கு எப்போதுதான் போகும்?

‘இழிவு’ என்றீர்களே, அதுதான் என்னைச் சுட்டது. 4ஆம் நூற்றாண்டில் பைபிளைக் கோத்திக் என்னும் பழைய ஜெர்மானிய மொழியில் பெயர்த்த வுல்ஃபிலா, உயிருள்ள உடலையும் ‘லீக்’ என்றே எழுதினார். ‘ஃப்ரெண்ட்லி’யின் வாலில் ஒட்டியிருக்கும் ‘லி’யும் இந்த லீச்தான், நண்பனின் உருக்கொண்டது என்று பொருள். நாள்தோறும் நூறு முறை வாயில் வரும் சொல்லையா இழிந்தது என்கிறீர்கள்? பிணம் என்று சொல்ல நா எழாதவர்கள் ‘உடல்’ என்றார்கள். சொல்லிச் சொல்லி, அந்தச் சொல் இறந்தவருக்கே உரியதாகிவிட்டது. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

நம் கண்முன்னேயே இது நடந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பாடி’ உயிருள்ள உடலுக்கும் உரியது. நம் ஊரில் மருத்துவமனை வாசலில் அதற்கு ஒரே பொருள்தான். என் தாத்தா இறந்த அன்று, “பாடியை எப்போது எடுக்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பன்னிரண்டு வயது. காலையில்வரை பெயரும் முறையும் இருந்த மனிதர் ‘பாடி’ ஆகிவிட்டாரே என்று அவர்மேல் பாய்ந்தேன். அவரும் பிணம் என்று சொல்லக் கூசித்தான் அந்தச் சொல்லை எடுத்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா என்னை விலக்கி உள்ளே கூட்டிப்போனாள். தாத்தாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். விறைத்த கையில் சட்டை ஏறவில்லை. அம்மா குனிந்து, அவர் காதருகில் சொன்னாள்: “மாமா, கையைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.”