தென்னங்குழியில் கிடைத்த செப்புக்காசு: புளி போடலாமா?

தென்னை நடக் குழி தோண்டியபோது கிடைத்த நான்கு செப்புக்காசுகளில் ஒன்றைப் புளியால் தேய்த்தீர்கள், அதில் பச்சைப் பொடி பூத்துவிட்டது, மற்றவற்றையும் அப்படித் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மீதமுள்ள மூன்று காசுகளிலும் புளியோ எலுமிச்சையோ படவே வேண்டாம். தேய்த்த காசில் இரண்டே வாரத்தில் பச்சைப் பொடி பூத்ததற்குக் காரணம், பெரும்பாலும், மண்ணிலிருந்து செம்புக்குள் ஏறிய குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிப்பதுதான். வழவழப்பாக, கெட்டியாக ஒட்டியிருக்கும் கரும்பச்சைப் படலம் வேறு. அது காசுக்குக் காப்பு, அதைத்தான் புளி கரைத்துவிட்டது.

சந்தேகம் இருந்தால், மூடியுள்ள டப்பாவில் ஈரப் பஞ்சை ஓரமாக வைத்து, காசின் மேல் அது படாமல், ஒரு நாள் மூடி வையுங்கள். வெளிர்பச்சைப் புள்ளிகள் புதிதாகத் தோன்றினால் அரிப்பு தொடர்கிறது என்று பொருள். அந்தக் காசைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றிச் சில வாரங்கள் விட்டு, நன்றாக உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் தனியே வையுங்கள். மண்ணை மூங்கில் குச்சியால் மட்டும் நீக்குங்கள்.

நீங்கள் சொல்லும் நிற்கும் உருவமும், மறுபக்கத்து அமர்ந்த உருவமும் முதலாம் இராசராசன் (985–1014) காசின் அமைப்பு. ஆனால் முதலாம் பராக்கிரமபாகு முதலிய இலங்கை மன்னர்களும் இதே அமைப்பில் வெளியிட்டிருப்பதால், டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்து, அமர்ந்த உருவத்தின் கைப்பக்கமுள்ள நாகரி (வடமொழி எழுதப் பயன்பட்ட எழுத்துமுறை) எழுத்தைப் படித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

ஒன்று: 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சுத்தம் செய்வதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.