ஒரே படகு, ஆறு பேர்: ஸ்பெயின் அணி பற்றிய கேள்விகளும் பதில்களும்

நீருக்கு மேலே எழும்பிப் பறக்கும் கட்டமரான் படகுகளுக்கான செயில்ஜிபி என்னும் தொழில்முறைப் போட்டித் தொடரைப் பற்றியும், அதில் 2024ஆம் ஆண்டு பட்டம் வென்ற ஸ்பெயின் தேசிய அணியைப் பற்றியும் கேள்வி அனுப்புமாறு சென்ற மாதம் கேட்டிருந்தேன். மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. என்னை அறியாதவர்களுக்காக: நான் தலவாக்கலைக்காரன். மேற்குக் கரையோரத்தில் படகு கட்டும் பட்டறையொன்றில் பதினேழு வருடங்கள் காபன் இழைத் துணியோடும் பிசினோடும் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். 2019இல் சிட்னியில் நடந்த முதற் போட்டியிலிருந்து இத்தொடரை விடாமல் பார்த்து வருகிறேன்.

கொட்டகலை, உயர்தர மாணவர்: சேர், காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வீசும்போது இந்தப் படகு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. தள்ளுகிற காற்றை விட, தள்ளப்படுகிற படகு எப்படி வேகமாக ஓட முடியும்?

தம்பி, சிக்கல் "தள்ளுகிற" என்ற சொல்லில்தான் இருக்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி ஓடும் படகைத்தான் காற்று தள்ளும். அப்படகு காற்றை முந்தவே முடியாது. இந்தப் படகு காற்றைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஓடுகிறது. அதன் பாய் துணியன்று. நிமிர்த்தி நிறுத்திய விமானச் சிறகு. சிறகின் ஒரு பக்கத்தில் அழுத்தம் குறைவதால் படகு அப்பக்கமாக இழுக்கப்படுகிறது.

நானுஓயாவில் இரயில் ஏறி ஹப்புத்தளைப் பக்கம் போகும்போது, இலை அசையாத நாளிலும் ஜன்னலோரத்தில் இருப்பவரின் முகத்தில் காற்று அடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது இரயிலின் ஓட்டத்தால் பிறந்த காற்று. படகிலும் இயற்கைக் காற்றோடு ஓட்டத்தால் பிறக்கும் காற்று சேர்ந்துகொள்கிறது. சிறகுப்பாய் இரண்டின் கூட்டையும் உண்டுதான் இயங்குகிறது. வேகம் கூடினால் காற்று கூடும். காற்று கூடினால் வேகம் கூடும். ஆனால் அந்தக் கூட்டுக் காற்று போகப் போகப் படகின் மூக்குப் பக்கமாகத் திரும்பிவிடுவதால், முன்னோக்கி இழுக்கும் விசை ஓரிடத்தில் குறைந்து, நீரின் தடைக்குச் சமமாகி நின்றுவிடுகிறது. அந்தத் தடையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு தூரம் எல்லை தள்ளிப்போகும். படகை நீருக்கு மேலே தூக்குவதன் காரணம் அதுவே.

நுவரெலியா, மாணவி: படகைத் தூக்கி நிறுத்துவது எது? ஏன் அது மீண்டும் கீழே விழுவதில்லை?

விழுகிறது, மகள். விழாமல் காப்பதற்கென்றே படகில் ஓர் ஆள் இருக்கிறார்.

எஃப்50 என்ற இப்படகு 15 மீற்றர் நீளமும் 8.8 மீற்றர் அகலமும் கொண்டது. எடை ஏறத்தாழ 2.4 தொன். இரண்டு படகுடல்களின் அடியிலும் ஃபொயில் எனப்படும் நீர்ச்சிறகு இருக்கிறது. நீர் காற்றை விட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் விமானத்துக்கு அவ்வளவு பெரிய சிறகு தேவைப்படும்போது, இத்தனை எடையைத் தூக்க இங்கே சிறியதொரு சிறகு போதுமாகிறது. நேராக ஓடும்போது ஒரு பக்கத்துச் சிறகு மட்டும் நீருக்குள் இருக்கும். மற்றதை உயர்த்தி வைத்திருப்பார்கள். பறப்பைக் கட்டுப்படுத்துபவர் அதன் சாய்வைக் கணத்துக்குக் கணம் மாற்றிக்கொண்டே இருப்பார். சற்றுக் கூடுதலாக எழுந்தால் சிறகு நீரின் மேற்பரப்பைக் கிழித்து, காற்றை உள்ளிழுத்து, தூக்கும் விசையை ஒரு நொடியில் இழந்துவிடும். படகு மூக்குக் குப்புற நீரில் அறையும். தாழப் பறந்தாலோ படகுடல் அலையில் உரசி வேகம் போய்விடும்.

சுக்கான்களிலும் குறுக்குச் சிறகுகள் உண்டு. காற்றடிக்கும் பக்கத்துச் சுக்கானின் சிறகைக் கொண்டு அப்பக்கத்தைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கலாம். படகு ஒரு பக்கமாகச் சரியாமல் அவ்வளவு காற்றைத் தாங்குவதற்கு அந்த இழுப்பும் ஒரு காரணம்.

ஹட்டன், தேயிலைத் தொழிற்சாலை அலுவலர்: வேகத்துக்கு எல்லை உண்டா?

உண்டு; அந்த எல்லையை நீங்கள் உங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் குறைவு என்பதால், கேத்தலில் நீர் 100 பாகையை எட்டாமலேயே, ஏறத்தாழ 94 பாகையில் கொதித்துவிடுகிறது. கொழும்பிலிருந்து வந்த மருமகள், பருப்பு வேகவில்லையே என்று கவலைப்படுவதன் காரணம் இதுதான். அழுத்தம் மேலும் குறைந்தால் நீர் குளிராக இருக்கும்போதே கொதிக்கும். நீர்ச்சிறகு 90 கிலோமீற்றர் அளவில் ஓடும்போது அதன் மேற்பக்கத்தில் அழுத்தம் அவ்வளவு தூரம் வீழ்ந்து, கடல்நீர் அங்கேயே ஆவிக் குமிழ்களாகிறது. குமிழ் வந்த இடத்தில் சிறகுக்குப் பிடிமானம் இல்லை.

2019இல் இங்கிலாந்தின் கௌஸ் நகரில் அவுஸ்திரேலியா அணி 50 நொட் வேகத்தை, அதாவது ஏறத்தாழ 93 கிலோமீற்றரைத் தாண்டியது. 2025இல் ஆங்கில டீ (T) எழுத்தின் வடிவிலான டைட்டேனியம் சிறகுகள் வந்த பின்னர், டென்மார்க் அணி ஜேர்மனியின் சஸ்நிட்சில் 103.93 கிலோமீற்றரை எட்டியது.

பண்டாரவளை, தமிழாசிரியை: கட்டமரான் என்பது நம் கட்டுமரம்தானா? அப்படியென்றால் இந்தப் படகும் நம்முடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

சொல் நம்முடையது, டீச்சர்; அதில் ஐயமில்லை. சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்ட கலத்தின் பெயரை ஐரோப்பியர் 17ஆம் நூற்றாண்டில் கேட்டு எழுதிக்கொண்டனர். ஆனால் நம் கட்டுமரம் இரண்டு உடல்களைக் கொண்டதன்று. இடைவெளியின்றி அருகருகே சேர்த்துக் கட்டிய தெப்பம். இரண்டு உடல்களை இடைவெளிவிட்டுப் பாலத்தால் இணைக்கும் கலையைப் பசிபிக் தீவுகளின் மக்கள் வளர்த்தெடுத்தார்கள். ஐரோப்பியர் நம் சொல்லை அவர்களுடைய படகுக்கும் சூட்டிவிட்டனர். ஆகவே பிள்ளைகளிடம் சொல்லைப் பெருமையோடு சொல்லுங்கள். கலையை அதற்குரியவர்களிடமே விட்டுவிடுங்கள். உண்மையான பெருமைக்கு இது குறைவில்லை.

பதுளை, வங்கி ஊழியர்: எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரியான படகு என்றால் ஒருவர் எப்படி வெல்கிறார்? குறிப்பாக ஸ்பெயின் எப்படி வென்றது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத நினைத்தேன்.

படகு மாத்திரமல்ல, தரவுகளும் பொதுவானவை. ஒவ்வொரு படகின் உணரிகளும் பதியும் வேகம், சிறகின் சாய்வு, பாயின் முறுக்கு ஆகிய அனைத்தையும் மற்ற எல்லா அணிகளும் பார்க்கலாம். மறைத்து வைப்பதற்கு எதுவும் இல்லை. எஞ்சுவது ஆறு மனிதர்கள்: சாரதி, சிறகுப்பாயை இசைப்பவர், பறப்பைக் கட்டுப்படுத்துபவர், வியூகம் சொல்பவர், பாயை இழுக்கும் கைப்பிடியைச் சுழற்றும் இருவர். நீர்ச்சிறகுகளையும் சுக்கான்களின் சாய்வையும் மின்கலம் இயக்குகிறது; பாயை மட்டும் இன்றும் தோள்வலிமையே இழுக்கிறது.

ஸ்பெயின் 2021இல் தொடங்கிய இரண்டாம் பருவத்தில்தான் தொடருக்குள் வந்தது. அப்போது அதன் சாரதி நியூசிலாந்தரான பில் ரொபேர்ட்சன். பின்னர் சுக்கான் ஸ்பானியர்களின் கைக்கே வந்து, மூன்றாம் பருவத்தின் நடுவில் டியேகோ பொட்டினிடம் சேர்ந்தது. சிறகுப்பாய் புளோரியான் டிரிட்டலிடம். வியூகம் நிக்கோல் வான் டெர் வெல்டனிடம். அனுபவத்தில் எதிரணிகளை விட இளையவர்கள். தாங்கள் ஓட்டிய முதல் இரண்டு பருவங்களிலும் ஓரிடத்திலும் அவர்கள் முதலிடம் பெறவில்லை. 2023 ஜூலையில் லொஸ் ஏஞ்சலிஸில்தான் முதல் வெற்றி. அதற்கு ஒரு வருடம் கழித்து, 2024 ஜூலை 14ஆம் திகதி, சான் பிரான்சிஸ்கோ இறுதிப் போட்டியில், மூன்று முறை தொடர்ந்து பட்டம் வென்றிருந்த அவுஸ்திரேலியாவையும் பருவப் புள்ளிகளில் முதலாவதாக நின்ற நியூசிலாந்தையும் வீழ்த்தி, இருபது இலட்சம் டொலர் பரிசையும் பட்டத்தையும் வென்றனர்.

பொட்டினும் டிரிட்டலும் அதே வருடங்களில் ஃபோர்ட்டி-நைனர் என்ற இருவர் படகிலும் ஒலிம்பிக்குக்காகப் பயிற்சி பெற்று வந்தனர். டோக்கியோ ஒலிம்பிக்கில் வேறொரு துணையோடு ஓட்டி நான்காம் இடத்தோடு பதக்கமின்றித் திரும்பியிருந்தவர் பொட்டின். சான் பிரான்சிஸ்கோ வெற்றிக்குப் பின் மூன்று கிழமை ஆவதற்குள், ஓகஸ்ட் 2ஆம் திகதி, மார்செய் கடலில் இருவரும் ஒலிம்பிக் தங்கமும் வென்றார்கள். சிறுபடகில் கழித்த நேரம் பெரிய படகுக்கு நட்டமாகவில்லை என்றே நான் கருதுகிறேன். இருவர் மட்டுமே இருக்கும் படகில், மற்றவர் வாய் திறக்கும் முன்பே அவர் கை என்ன செய்யப்போகிறது என்பதை உடம்பு அறிந்துகொள்கிறது. எஃப்50இல் சாரதி சுக்கானைத் திருப்புவதும் பாயை இசைப்பவர் முறுக்கைத் தளர்த்துவதும் அரை நொடி பிசகினாலும் படகு பறப்பிலிருந்து விழுந்துவிடும். அந்த அரை நொடியைத் தரவுப் பட்டியலிலிருந்து எந்த எதிரணியும் படியெடுக்க முடியாது.

வெற்றி நிலைத்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த பருவத்தில் ஸ்பெயின் இறுதிப் போட்டிக்கு வரவில்லை. 2025 நவம்பரில் அபுதாபியில் பிரித்தானியா வென்றது. அதன் சாரதி டிலன் பிளெட்சர், டோக்கியோவில் பொட்டின் நான்காவதாக வந்த அதே பிரிவில் தங்கம் வென்றவர்.

கம்பளை, வாகனத் திருத்துநர்: 2025இல் சிறகுப்பாய்கள் பழுதாகிப் போட்டியொன்றே கைவிடப்பட்டதாமே. இவ்வளவு பணம் போட்டுக் கட்டியது எப்படி உடையும்?

சான் பிரான்சிஸ்கோவில் அவுஸ்திரேலியாவின் சிறகுப்பாய் முறிந்து படகின் மேலேயே சரிந்தது. அதன் பின்னர் மற்றவற்றையும் சோதித்தபோது, சிலவற்றின் உட்பலகையில் நடுக்கட்டைக்கும் மேற்தோலுக்கும் இடையே ஒட்டுச் சரியாகப் பிடிக்கவில்லை என்று கண்டார்கள். மே மாதம் ரியோவில் நடக்கவிருந்த போட்டியை நிறுத்தினார்கள்.

நான் இந்த வேலையில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். காபன் பலகை ஒரு சான்ட்விச் போன்றது: இருபுறமும் மெல்லிய கடினமான தோல், நடுவில் பஞ்சு போல் இலேசான கட்டை. மூன்றும் ஒட்டியிருக்கும் வரை அதன் பலம் வியக்கத்தக்கது. ஒட்டு விட்டால் அவை மூன்று பலவீனமான தகடுகள் மாத்திரமே. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. எங்கள் பட்டறையில் வயதான மேற்பார்வையாளர் ஒருவர் ஐந்து ரூபாய்க் குற்றியொன்றை எடுத்து, பலகை முழுவதையும் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். ஒட்டிய இடம் "டிங்" என்று கூர்மையாக ஒலிக்கும். விட்ட இடம் "டொக்" என்று மந்தமாக ஒலிக்கும். ஒரு மழைக்காலத்தில், ஈரம் ஏறிய காற்றில் அவசரப்பட்டுப் பிசின் பூசி நான் முடித்த பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு "டொக்" என்று கேட்டது. அவர் ஏசவில்லை, சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டுப் போனார். முழுப் பலகையையும் உரித்து மூன்று நாள் மறுபடி வேலை செய்தேன். போட்டியை நிறுத்திய முடிவு சரியானது என்று நான் சொல்வது அந்த வட்டத்தை நினைத்துத்தான்.

பூண்டுலோயா, ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்: ஐயா, இது பெரும் பணக்காரர்களின் விளையாட்டல்லவா?

பணம் பெரும் பணக்காரர்களுடையதுதான். தொடரைத் தொடங்கியவர்கள் கணினித் துறைக் கோடீஸ்வரர் லெரி எலிசனும் நியூசிலாந்துப் படகோட்டி ரசல் கூட்ஸும். ஆனால் எல்லா அணிக்கும் ஒரே படகு, பொதுவான தரவு என்ற விதி, அதிகம் செலவழிப்பவர் வெல்லும் பழைய வழக்கத்தை ஓரளவு தடுத்திருக்கிறது.

வெலிமடை, பெயர் குறிப்பிடாதவர்: இந்த வேகத்தில் கடல் உயிரினங்களுக்கு ஆபத்தில்லையா?

ஆபத்துண்டு. 2024 மார்ச்சில் நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்தில், ஓடுபாதைக்குள் டொல்பின் வந்ததால் முதல்நாள் போட்டி நடக்கவேயில்லை. இரசிகர்கள் ஏமாந்தாலும் அதுவே செய்யவேண்டியது.

மஸ்கெலியா, தகப்பன்: என் மகளுக்குப் பதினொரு வயது. உங்கள் காணொளி இணைப்பைப் பார்த்ததிலிருந்து படகோட்ட வேண்டும் என்கிறாள். நாங்கள் தோட்டத்தில் இருப்பவர்கள். என்ன சொல்வது?

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். பிரேசில் அணியின் சாரதியான மார்ட்டின் கிரயல் என்ற பெண், இத்தொடரில் படகை ஓட்டும் முதல் பெண் சாரதி. ஒலிம்பிக் தங்கம் இரண்டு பெற்றவர். அவர் படகோட்டிக் குடும்பத்தில் பிறந்தவர், உங்கள் மகள் அப்படியல்ல என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் நீச்சல். காசல்ரீயையும் மவுசாகலையையும் தினமும் பார்த்து வளர்ந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர் என்பது என்னை நெடுநாளாக வருத்துகிற விடயம். நீர்த்தேக்கத்தில் வேண்டாம், அடி ஆழமும் குளிரும் ஆபத்தானவை. பயிற்றுநர் உள்ள நீச்சல் தடாகத்தில் கற்கட்டும். அதன் பின்னர் காற்றைப் படிக்கப் பழக்குங்கள். கொழுந்து மலையில் மேகம் எப்பக்கம் ஏறுகிறது, தேக்கத்தின் நீரில் கருமையாகத் திட்டுத் திட்டாகக் காற்று எப்படி நகர்கிறது என்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். வியூகம் சொல்பவரின் வேலையில் பாதி, அந்தக் கருமைத் திட்டை மற்றவருக்கு முன் காண்பதுதான். பாய்ப்படகுப் பயிற்சிக்கு பொல்கொடை ஏரி போன்ற இடங்களுக்குத்தான் இறங்கிப் போக வேண்டும். அவளுக்குப் பதினான்கு வயதாகும்போது நீந்தத் தெரிந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். எங்கே, யாரிடம் கேட்பது என்பதை நானே விசாரித்துச் சொல்கிறேன்.

ஹாலி-எல, மாணவர்: முதன்முறையாகப் பார்க்கப்போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முன்னால் ஓடுபவரைப் பார்க்காதீர்கள், தம்பி. படகு திரும்பும் இடத்தைப் பாருங்கள். திரும்புவதற்குச் சற்று முன் உயர்த்தியிருந்த நீர்ச்சிறகு நீருக்குள் இறங்கும். சில கணங்களுக்கு இரண்டு சிறகுகளும் கீழே இருக்கும். ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக வலை விரித்த தளத்தைக் குனிந்தபடி ஓடிக் கடப்பார்கள். அப்போது படகுடலுக்கும் கடலுக்கும் நடுவே தெரியும் வெளிச்சக் கீற்றில் கண்ணை வையுங்கள். அந்தக் கீற்று திரும்பி முடியும் வரை மறையாமல் இருந்தால், ஆறு பேரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்.