காளிகேசம் நடையும் காணாத யானையும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நண்பர்களுடன் காளிகேசத்திலிருந்து பாலமோர் வரை, முறைப்படி பதிவு செய்து, வனத்துறை வழிகாட்டியோடு நடந்தோம். யானை, மிளா (கடமான்) எதுவும் கண்ணில் படவில்லை. கீரிப்பாறையில் ரப்பர், மேலே போனால் பாலமோர் எஸ்டேட் என்று இரு முனையிலும் தோட்டமாக இருந்ததும் ஏமாற்றம் அளித்தது. அடுத்த முறை வழிகாட்டி இல்லாமல் நாங்களே உள்காட்டுக்குள் போகலாமா? அட்டைக்கடிக்கு என்ன செய்வது?

ச., தக்கலை

அன்புள்ள ச.,

முதுமலையில் வண்டியில் அமர்ந்தபடி மானையும் யானையையும் பார்த்துப் பழகியவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டக் காடுகளில் ஏமாறுவது வழக்கம். முதுமலை இலையுதிர் காடு. பார்வை வெகுதூரம் போகும். இங்கே தென்மேற்கும் வடகிழக்கும் ஆகிய இரண்டு பருவமழைகளும் பெய்வதால், மலையின் ஈரமான மடிப்புகளில் பசுமைமாறாக் காடு அடர்ந்து நிற்கிறது. பாதையிலிருந்து பத்தடிக்கு அப்பால் நிற்பது யானையே ஆனாலும் தெரியாது. மழைக்காலத்தில் நாளிதழ்களில் வரும் மாவட்ட மழையளவுப் பட்டியலில் பாலமோரின் பெயர் அடிக்கடி முன்னால் நிற்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். இந்தக் காட்டில் கண்ணைவிடக் காதுக்கும் தரைக்கும்தான் வேலை அதிகம். ஓடைக்கரையில் யாரோ சோம்பலாகச் சீட்டியடிப்பதுபோல் கேட்டிருந்தால், அது சீகாரப் பூங்குருவி. பாதையில் கிடக்கும் யானைப் பிண்டத்தை, அதாவது சாணத்தை, குச்சியால் பிளந்து பாருங்கள்: மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தால், யானை போய் அதிக நேரம் ஆகவில்லை. உண்டதில் பாதிகூட அதற்குச் செரிப்பதில்லை என்பதால் மூங்கில் நார் நாராகவே கிடக்கும். நடுவே முழு விதைகளும், அவற்றைப் புரட்டிக்கொண்டிருக்கும் சாணவண்டுகளும் இருக்கும். உங்கள் வழிகாட்டி இவற்றின் அருகே நின்றபோது நீங்கள் அவரைத் தாண்டி நடந்திருப்பீர்கள் என்றே ஊகிக்கிறேன். உச்சியை எட்டும் அவசரத்தில் நடப்பவர்களிடம் எனக்குப் பெரிய மரியாதை இல்லை.

தோட்டங்களைப் பற்றிய உங்கள் குறையை நான் முழுதாக ஏற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இந்த அசம்பு மலைகளில் காடழித்துக் காப்பி வைத்தார்கள். இலைநோய் காப்பியைக் கெடுத்த பிறகு வேறு பயிர்கள் வந்தன. 1984-இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும், புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு விளையும் மாறாமலைப் பகுதியும் அந்த வரலாற்றின் தொடர்ச்சியே. சிரட்டை கட்டிய ரப்பர் வரிசைக்குள் நுழைந்ததும் பறவையொலி குறைவதையும், காட்டு விளிம்பை நெருங்கும்போது அது திரும்புவதையும் ஒரே நாளில் கேட்க வாய்ப்புள்ள பாதை அது. அதைக் கழித்துவிட்டுக் காட்டை மட்டும் பார்க்க நினைப்பது, நம் மலைக்கு நாம் செய்ததைப் பார்க்காமல் இருப்பதுதான்.

வழிகாட்டி இல்லாமல் போகலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்பதே பதில். அது வனவிலங்குச் சரணாலயம்; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். அதன் பிறகே விதிகள் இறுகின. 2024-இல் அரசு 40 பாதைகளைத் திறந்து இணையவழிப் பதிவைக் கொண்டுவந்த பின்னர், தெரிந்த ஆள் வழியாகத் திருட்டுத்தனமாக நுழைவதற்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை. தவிர, இம்மலைகளில் தலைமுறைகளாக வாழும் காணி மக்களில் ஒருவர் உடன் வந்தால், நீங்கள் களை என்று மிதிக்கும் செடிகளில் பாதிக்கு அவரிடம் பெயரும் பயனும் இருக்கும்.

அட்டைக்குப் பயப்பட வேண்டாம். பிடித்து இழுக்காமல், கடித்த வாயின் ஓரத்தில் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் சற்று நேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, அழுத்திப் பிடித்தால் நிற்கும். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அதற்கும் தேவை வராது.