அழிக்க முடியாதாம், அதான் பிரச்சனையே!

கேள்வி: அக்கா, நான் ஒரு கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்குறேன். ஒர்க்கர்ஸ் சம்பளம் பேங்க்ல முழுசா ஏறிடும், அப்புறம் சூப்பர்வைசர் ஆளாளுக்கு கேஷா திருப்பி வாங்குவாரு, குடுக்கலன்னா பெர்மிட் ரினியூ ஆகாதாம். யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு எக்செல் ஃபைலே இருக்கு. ஓனரே இல்லாத நெட்ஒர்க்ல போட்டுட்டா எந்த கொம்பனாலயும் அழிக்க முடியாதுன்னு ஃபிரண்ட் சொல்றான், போட்டுடவா?
– பேர் வேணாம், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கொஞ்சம் பொறுங்க தம்பி. அந்த ஃபைல்ல யாரு பேரு இருக்கு? பணம் குடுத்த பசங்க பேரு, ஃபின் நம்பர், பெர்மிட் நம்பர். வாங்குனவரு பேரு அதுல இருக்கவே இருக்காது பாருங்க! ஐபிஎஃப்எஸ் மாதிரி, ஃபைல பலரோட கம்ப்யூட்டர்ல பரப்பி வெக்கிற ஓனர் இல்லாத நெட்ஒர்க்ல போட்டா எவனாவது ஒருத்தன் காப்பி வெச்சிருக்கிற வரைக்கும் அது கிடக்கும், நாளைக்கு நீங்களே மனசு மாறி எடுக்கணும்னாலும் யார்கிட்ட போய் கேப்பீங்க, ஆபீஸே இல்லையே. இன்னொன்னு, அழிக்க முடியாதுங்கிறது வேற, போட்டது யாருன்னு தெரியாதுங்கிறது வேற. எந்த கனெக்‌ஷன்லேருந்து வந்துச்சுன்னு காட்டிக்குடுக்கிற உங்க ஐபி அட்ரஸ ஐபிஎஃப்எஸ் தானா மறைக்காது. பத்திரிகைக்கு ரகசியமா ஃபைல் அனுப்பன்னே 2013ல ஆரம்பிச்ச செக்யூர்டிராப், அனுப்புறவரு இருப்பிடத்த மறைக்கிற டோர் (Tor) நெட்ஒர்க் வழியா போறதால அதுல பாதுகாப்பு அதிகம், ஒவ்வொரு பத்திரிகையும் தன் சர்வர தானே வெச்சுக்கும், நடுவுல மூணாவது ஆள் கிடையாது.

ஆனா மாட்டுறது பெரும்பாலும் நெட்ஒர்க்ல இல்ல தம்பி, ஆபீஸ்லயேதான். 2017ல அமெரிக்கால ரியாலிட்டி வின்னர்னு ஒரு பொண்ணு அரசாங்க ரகசிய ரிப்போர்ட்ட பிரின்ட் எடுத்து ஒரு பத்திரிகைக்கு தபால்லதான் அனுப்புச்சு, அத பிரின்ட் எடுத்தது மொத்தமே 6 பேரு, அதுல அந்த பத்திரிகைக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்லேருந்து ஈமெயில் போட்டிருந்தது இந்த பொண்ணு ஒண்ணுதான், முடிஞ்சுது கதை, 5 வருஷம் 3 மாசம் ஜெயில். உங்க எக்செல்ல எத்தன பேரு திறக்கிறீங்க? மூணு பேரா?

வேலை குடுக்க, பெர்மிட் ரினியூ பண்ண காசு வாங்குறது இங்க குற்றம், 30,000 வெள்ளி வரை அபராதம், 2 வருஷம் வரை சிறை. அதனால நேரா எம்ஓஎம்கிட்ட (மனிதவள அமைச்சு) போங்க. தயக்கமா இருந்தா வெளிநாட்டு ஒர்க்கர்ஸுக்கு உதவுற டிடபிள்யூசி2 தொண்டு அமைப்பு ஆளுங்ககிட்ட பேசுங்க, தேக்கால ‘கஃப் ரோடு புராஜெக்ட்’னு ஒர்க்கர்ஸுக்கு சாப்பாடு போடுறாங்களே அவங்கதான்.

கேள்வி: உண்மைன்னா முழுசா வெளிய வரட்டுமே, மறைச்சு மறைச்சு போடுறது கோழைத்தனம் இல்லயா?
– ஈசூன் வாசகர்

பதில்: ரகசிய ஆவணங்கள வெளியிடுற விக்கிலீக்ஸ் 2011ல ரெண்டரை லட்சம் அமெரிக்க தூதரக கேபிள்கள (உள்ளுக்குள்ள அனுப்பிக்கிற செய்திங்க) பேரு எதையும் மறைக்காம அப்படியே விட்டுச்சு, அதுவரை கூட நின்ன பத்திரிகைங்களே கண்டிச்சுச்சு. 2016ல பனாமா பேப்பர்ஸ், வெளிநாட்டு கம்பெனிங்க பேர்ல மறைச்ச சொத்து பத்தின 1.15 கோடி ஆவணம், பத்திரிகையாளருங்க மாசக்கணக்குல உக்காந்து படிச்சு தேவையானத மட்டும் எழுதுனாங்க, பிரதமர் பதவியெல்லாம் போச்சு, குடுத்தது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் வெளிய தெரியல. இதுல எது கோழைத்தனம்? 2019ல நம்ம ஊர்லயே எச்ஐவி உள்ள 14,200 பேரு விவரம் ஆன்லைன்ல வந்துச்சு, அதுவும் உண்மைதான், யாருக்கு என்ன நல்லது நடந்துச்சு சொல்லுங்க.

கேள்வி: சிங்கப்பூர்ல விசில்புளோவருக்குன்னு (உள்ள நடக்கிற தப்ப வெளிய சொல்றவங்க) தனிச்சட்டம் இருக்கா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு இல்லம்மா. லஞ்சம்னா தகவல் குடுத்தவரு பேர ஊழல் தடுப்பு சட்டம் காப்பாத்தும். பங்குச்சந்தைல இருக்கிற கம்பெனிங்க 2022லேருந்து புகார் வழி வெச்சிருக்கணும். அரசாங்க தகவல்னா கதையே வேற, அரசாங்க ரகசியச் சட்டம் வந்துடும். ஜிடிபி கணக்கு முன்கூட்டியே பேப்பர்ல வந்த கேஸ்ல 1994ல 1,500 வெள்ளி அபராதம் கட்டுனவர்ல ஒருத்தர் நம்ம அதிபர் தர்மன், அதுவும் வேணும்னே குடுத்ததுக்கு இல்ல, கவனக்குறைவுக்கு!