முதல் அகழியைப் பிடித்த பிறகு

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போர் அகழிகளை ஏன் நேராக வெட்டாமல் வளைத்து வளைத்து வெட்டினார்கள்? பிரான்சில் நடந்த சோம் சண்டையில், 1916 ஜூலை 1 அன்று, ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்களாம். எந்திரத் துப்பாக்கிக்கு நேரே ஆட்களை நடக்கவிட்ட தளபதிகள் அடிமுட்டாள்கள்தானே? டாங்கி முன்பே வந்திருந்தால் போர் சீக்கிரம் முடிந்திருக்காதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நேர் அகழிக்குள் ஒரு முனையில் எதிரி நுழைந்துவிட்டால் மறுமுனை வரை சுட்டுத் தள்ளுவான். குண்டு விழுந்தால் சிதறலும் நெடுகப் பாயும். நடுநடுவே மண்திருப்பம் இருந்தால் சேதம் அந்தக் கட்டத்தோடு நிற்கும். அதனால் சண்டையும் மூலை மூலையாகத்தான் நடந்தது: கையெறிகுண்டை வீசு, வெடித்ததும் பயனெட்டோடு (துப்பாக்கி முனைக் கத்தி) பாய், அடுத்த மூலைக்குப் போ. 1914 நவம்பரில் பிரான்சின் ஃபெஸ்துபெர்ட் அருகே, இந்தியப் படைப்பிரிவான கார்வால் ரைஃபிள்ஸின் தர்வான் சிங் நேகி தலையிலும் கையிலும் காயத்தோடு ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போனார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அப்போது கையெறிகுண்டுகூடப் போதாமல், ஜாம் டப்பாவில் வெடிமருந்தை அடைத்துத் திரி வைத்தார்கள் பிரிட்டிஷார்.

டாங்கியை விடுங்கள். 1916 செப்டம்பரில் வந்ததில் பல, சண்டை தொடங்குமுன்பே பழுதாகி நின்றன.

‘அடிமுட்டாள்கள்’ என்கிறீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்ச நாளாக, பிரான்சில் பிரிட்டிஷ் படை தாக்கிய நெவ் ஷப்பேல் சண்டையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 1915 மார்ச் 10. முப்பத்தைந்தே நிமிடம் பீரங்கி முழங்கியது. தாக்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்தியப் படையினர். காலையிலேயே கிராமம் கைக்கு வந்துவிட்டது. அகழியைப் பிடிக்க முடிந்தது ஐயா! அப்புறம் என்ன செய்வது என்று சொல்ல ஆள் எட்டவில்லை. தொலைபேசிக் கம்பி குண்டில் அறுந்துபோகும். செய்தியோடு ஓடுபவன் வழியில் விழுவான். கம்பெனியிலிருந்து பட்டாலியன், பிரிகேட், டிவிஷன், கோர் என்று படையின் படிப்படியாகத் தகவல் ஏறி, உத்தரவு இறங்கி, அடுத்த தாக்குதல் தொடங்கும்போது பொழுது சாயும் நேரம். அதற்குள் ஜெர்மானியர் ஓட்டையை அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் அறுபடாத கம்பி இருந்தது, ரயில் இருந்தது. இவர்களுக்குப் பின்னால் குண்டு உழுத சேறு.

நான் தொலைபேசித் துறையில் இருந்தவன். ஒரு புயலுக்கு மறுநாள் எங்கள் அதிகாரி வரைபடத்தின் முன் நின்ற கோலம் மறக்கவில்லை. எந்த ஊரில் லைன் போயிற்று என்று சொல்ல வேண்டியதே அந்த லைன்தான்! சைக்கிளில் ஒருவன் கொண்டுவந்த சேதி மதியத்துக்குள் பழசாகிவிடும். வாசலில் நின்றவர்கள் அவரைத் தூங்குமூஞ்சி என்றார்கள். கெட்டிக்கார மனுஷன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சோமில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய ஹெய்க்குக்கு நான் வக்கீல் இல்லை. அங்கே தாக்குமுன் ஒரு வாரம் சுமார் 15 லட்சம் குண்டு போட்டும் பல இடங்களில் முள்கம்பி அறுபடவில்லை, ஆழப் பதுங்குகுழிகளில் எதிரி உயிரோடிருந்தான். அதைச் சரியாகப் பாராமல் ஆளை அனுப்பியதை மன்னிக்க முடியாது. நவம்பர் வரை அங்கேயே முட்டிக்கொண்டிருந்ததையும்தான். ஆனால் அதே ஜூலை 1-ல் தெற்கே மோந்தோபான், மாமெட்ஸ் என்ற கிராமங்கள் பிடிபட்டன. உங்களுக்கு யாரும் சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள். அழுகைக்கு உதவாத செய்தி.

இவ்வளவு திட்டியதில் வருத்தம் வேண்டாம். செத்தவர்களுக்காக உங்களுக்குக் கோபம் வருகிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. நெவ் ஷப்பேலின் அந்த ஒரு நாளை மணிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். கிராமம் விழுந்தது எப்போது, அடுத்த உத்தரவு வந்தது எப்போது என்று குறியுங்கள். பிறகும் முட்டாள்கள் என்றே தோன்றினால் எழுதுங்கள், சண்டை போடலாம்.