பதினான்கு வயது ஃபைபர் டாங்கியும் மூன்று மணிக் கறவையும்

கேள்வி: ஐயா, வணக்கம். பினாங்கு நிபோங் திபால் பக்கம் 9 கறவை மாடு வைத்திருக்கிறோம். மாமனார் வாங்கிப் போட்ட 600 கேலன் ஃபைபர் டாங்கிக்கு 14 வயதாகிறது. வெளிப்பக்கம் தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது, கை அரிக்கிறது. உள்ளே பாசி, கழுவி மூன்று வாரத்தில் திரும்பவும் வந்துவிடுகிறது. கடைக்காரர், "ஃபைபருக்குப் பத்து வருடம்தான் ஆயுள், ஸ்டெயின்லெஸ் போடுங்கள். இல்லையென்றால் உள்ளே ரெசின் பூசித் தருகிறேன்" என்கிறார். இதற்கிடையில் பாலும் குறைந்திருக்கிறது, முக்கியமாகச் சாயங்காலக் கறவையில். பாசித் தண்ணீர்தான் காரணமா? டாங்கியை மாற்றுவதா, பூசுவதா?

பதில்: தங்கச்சி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

பத்து வருடக் கணக்கு கடைக்காரருடையது. டாங்கிக்கு அது தெரியாது. ஒழுங்காகச் செய்த ஃபைபர் டாங்கி 15, 20 வருடம் உழைக்கும். கூரைக்குக் கீழே இருந்தால் அதற்கு மேலும் ஓடும். விற்கும்போது "ஆயுசுக்கும் கவலையில்லை" என்றவர்களே பத்தாவது வருடம் "ஆயுசு முடிந்தது" என்று வந்து நிற்பதை நிறையப் பார்த்துவிட்டேன். ஸ்டெயின்லெஸ் என்கிறார் அல்லவா? உங்கள் பக்கம் கடலோரம். கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருந்தால் சாதாரண ஸ்டெயின்லெஸில் ஊசித் துளை விழும். குளோரின் போட்டுக் கழுவினால் அதுவும் அரிக்கும். அதை அவர் சொன்னாரா?

உங்கள் கையை அரிப்பது கண்ணாடி நார். மேல் பூச்சை வெயில் பொடியாக்கிவிட்டு, அடியில் நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் ரெசின் பிசினையும் தின்று நாரை வெளியே கொண்டுவந்திருக்கிறது. வெளிப்பக்கம் இப்படி இருப்பது சாவு இல்லை, தோல் உரிவதுதான். உள்பக்கம் எப்படி என்பதுதான் பேச்சு. தண்ணீரை இறக்கிவிட்டு, கையுறை போட்டு உள்சுவரைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் டாங்கி பிழைத்தது. உள்ளேயும் நார் நீட்டிக்கொண்டிருந்தால் குடிதண்ணீருக்கு அதை வைக்காதீர்கள், மாட்டுக்கும்தான். பிறகு டாங்கியை நிரப்பி வெளியே சுற்றிப் பாருங்கள். குழாய் புறப்படும் இடத்தில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு, அடிவிளிம்பில் ஈரக் கசிவு, கட்டைவிரலால் அழுத்தினால் சுவர் மெத்தென்று உள்வாங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் புது டாங்கிக்குக் காசு சேர்க்க ஆரம்பிக்கலாம்.

சரி, பாசி. அதற்கு வெளிச்சம் வேண்டும். நடு மத்தியானம் மேல் மூடியைத் திறந்து தலையை மட்டும் உள்ளே விட்டு, சுற்றித் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். வெளியே சுவரில் யாரையாவது கையை வைக்கச் சொல்லுங்கள். கையின் நிழல் உள்ளே தெரிந்தால், மாதம் ஒருமுறை கழுவினாலும் பாசி போகாது. வெளிப்பக்கத்தை ஈரத்தோடு சாண்ட்பேப்பர் போட்டுத் தேயுங்கள். காய்ந்தபடி தேய்த்தால் நார்த்தூசி நெஞ்சுக்குள் போகும், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாகக் காயவிட்டு, வெளிச்சத்தை மறைக்கக் கருஞ்சாம்பல் பெயிண்ட் ஒரு கை, அதன்மேல் சூட்டைத் திருப்ப வெள்ளை இரண்டு கை.

உள்ளே ரெசின் பூசும் யோசனையை விட்டுவிடுங்கள். படகுக்குப் பூசுகிற ரெசினை ஒரு மத்தியானத்தில் தடவிவிட்டுப் போவார்கள். சரியாக இறுகாத ரெசினிலிருந்து ஸ்டைரீன் என்கிற ரசாயனத்தின் வாடை தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். மாடு முகர்ந்துவிட்டு விலகிப் போகும். வேறு வழியே இல்லாமல் பூசினால், குடிதண்ணீருக்கான ரெசின்தானா என்று கேட்டு, பல நாள் காற்றாட விட்டு, கழுவிக் கொட்டிய பிறகே மாட்டுக்குத் திறக்கவேண்டும். டாங்கிக்குள் இறங்கி அந்த வேலையைத் தனி ஆளாகச் செய்ய யாரையும் விடாதீர்கள். அந்த ஆவி மயக்கும்.

இப்போது தெர்மாமீட்டர். நீங்கள் கேட்டிருக்கவேண்டிய கேள்வி, காலைப் பாலைவிடச் சாயங்காலப் பால் ஏன் அதிகம் குறைகிறது என்பது. பாசிதான் காரணம் என்றால் இரண்டு வேளையும் ஒரே மாதிரி குறையவேண்டுமே! கறந்து முடித்த உடனேதான் மாடு அதிகம் குடிக்கும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். நம் சூட்டில் ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 60 முதல் 100 லிட்டர் வேண்டும். நீங்கள் இரண்டாவது கறவையை மூன்று மணிக்கு முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெட்டவெளி டாங்கி, அதிலிருந்து தரையோடு ஓடும் கறுப்புப் பைப்பு, இரண்டும் கொதித்துக் கிடக்கிற நேரமும் அதுதான். நாலு வாய் குடித்துவிட்டு மாடு தலையைத் தூக்கிவிடும். காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் மூன்று மணிக்கும் தொட்டித் தண்ணீரின் சூட்டை ஒரு வாரம் எழுதி வையுங்கள். மூன்று மணித் தண்ணீர் சூடேறிக் கிடந்தால் சந்தேகம் அதன்மேல்தான்.

என் பைத்தியம் இதுதான் என்று வீட்டில் சொல்வார்கள், சொல்லட்டும்: டாங்கிக்குக் கூரை போடுங்கள். ஒரே நாளில், ஒரே அச்சில் செய்த இரண்டு டாங்கி வாங்கினேன். ஒன்று மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தகரக் கூரைக்கு அடியில், இன்னொன்று திடலில். திடலில் இருந்தது ஒன்பதாவது வருடம் நார் கக்கியது. கூரைக்கடியில் இருப்பது 21 வருடமாகத் தண்ணீர் பிடிக்கிறது, உள்ளே நகம் வழுக்குகிறது. நாலு கம்பம், நாலு தகரம், டாங்கிக்கு மேல் காற்றுப் போக இரண்டு அடி இடைவெளி, மேற்குப் பக்கம் ஒரு தட்டி. அவ்வளவுதான் செலவு. மரநிழலில் வைக்காதீர்கள், இலையும் பறவை எச்சமும் மூடிமேல் சேரும், கிளை முறிந்தால் டாங்கி போச்சு. பைப்பை ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள்.

கூரைக்கு அடுத்தது அடித்தளம். 600 கேலன் என்றால் தண்ணீர் மட்டுமே 2.7 டன். இடைவெளி விட்ட இரண்டு மூன்று பீம்மேல் தட்டையடி டாங்கியை உட்காரவைத்தால், நிரம்பும்போது அடி தொங்கும், காலியாகும்போது நிமிரும். தினமும் இப்படி வளைந்து வளைந்து ஓரத்தில் வெடிக்கும். செமெண்டுத் தளம்தான் சரி. வெளியே போகும் இரும்புப் பைப்பின் பாரத்தையும் டாங்கி சுமக்கக்கூடாது, பைப்புக்குத் தனித் தாங்கல் வையுங்கள்.

கழுவ நைலான் பிரஷ் போதும். கம்பி பிரஷும் ஆசிட்டும் உள்பூச்சைக் கெடுக்கும். தேய்த்து அலசி, நிரப்பி, வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் 1,000 லிட்டருக்கு 1 லிட்டர் கணக்கில் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். அந்தத் தண்ணீரை மாடு குடிக்கக்கூடாது, முழுவதும் கொட்டிவிட்டு அலசுங்கள். ஜனவரி வறட்சிக்கு முன்னால் ஒரு தடவை, நடு வருடத்தில் ஒரு தடவை. வழிந்தோடும் குழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள்.

புதிது வாங்கத்தான் வேண்டும் என்று முடிவானால், குழாய்க்குத் துளை போடும்போது வெட்டியெடுக்கிற வட்டத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுவரின் தடிமன் அதில் தெரிந்துவிடும். 2024 ஜனவரியில் பினாங்கில் நாலு நாள் தண்ணீர் தடைப்பட்ட பிறகு என் மைத்துனர் அவசரத்தில் ஒரு டாங்கி வாங்கினார். அந்தத் துண்டை வெயிலில் பிடித்தால் விரல் தெரிகிறது. கொடுக்கமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

மாமனார் வாங்கிய பில் வீட்டில் கிடந்தால் தேடிப் பாருங்கள். தடிமன் எழுதியிருந்தால் ஒரு வாரச் சூட்டுக் கணக்கோடு சேர்த்து அனுப்புங்கள்.