துடைக்கும் ரோபோ: பெரிய கம்பெனிகளோடு எங்கே மோதுவது, எங்கே ஒதுங்குவது?

கேள்வி: கோவையில் மோட்டார், பம்ப் உதிரிபாகங்கள் செய்கிறோம். தரையைப் பெருக்கித் துடைக்கும் ரோபோ ஒன்றின் மாதிரி தயாராகிவிட்டது. ஜிஎஸ்டி சேர்த்து 24,999 ரூபாய்க்கு ஆன்லைனில் விற்க நினைக்கிறோம். இதே விலையில் சீன ரோபோக்கள் கூடுதல் உறிஞ்சு திறனோடு வருகின்றன. எங்களுக்கு இடம் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அந்த இடம் உறிஞ்சு திறனில் இல்லை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் பாஸ்கல் எண்ணை (உறிஞ்சு திறனின் அளவு) அச்சடிக்கும் பந்தயத்தில் சீனாவின் ஷென்ஜென் ஆலைகளை நீங்கள் முந்த முடியாது. மோட்டார், லைடார் (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்), பேட்டரி, பிளாஸ்டிக் மோல்டு எல்லாம் அவர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

முதலில் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். ஐரோபாட், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆட்கள் மூவர் 1990-ல் தொடங்கிய கம்பெனி. 2002-ல் ரூம்பா என்ற பெருக்கும் ரோபோவை விட்டது. 2021-ல் அதன் விற்பனை 150 கோடி டாலரைத் தாண்டியது. கை நிறையக் காப்புரிமைகள் இருந்தன. போட்டியாளர்கள் மேல் வழக்கும் போட்டது. லேசரைச் சுழற்றி வீட்டின் வரைபடம் போடும் முறையை நீட்டோ என்ற இன்னொரு கம்பெனி 2010-லேயே கொண்டுவந்துவிட்டது. 2014-ல் பிறந்த சீன நிறுவனமான ரோபோராக், 2016-ல் ஷாவ்மி பெயரில் அதையே மலிவாகக் கொடுத்தது. ஐரோபாட்டோ கேமராவையே நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்தது. துடைப்பதற்கு வேறு ரோபோ வாங்கச் சொன்னது. அமேசான் 170 கோடி டாலருக்கு வாங்குவதாக 2022-ல் போட்ட ஒப்பந்தம், ஐரோப்பிய ஒழுங்குமுறை எதிர்ப்பால் 2024 ஜனவரியில் முறிந்தது. 2025 டிசம்பரில் ஐரோபாட் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதுவும் தனக்கு ரோபோ செய்துகொடுத்து, கடனையும் கையில் வைத்திருந்த சீன நிறுவனமான பிசியாவிடம் கம்பெனியையே ஒப்படைக்கும் ஏற்பாட்டோடு. லேசரில் முந்திய நீட்டோவும் 2023-ல் கடையை மூடிவிட்டது. ஆக, பிராண்டு, காப்புரிமை, முதலில் வந்த பெருமை மூன்றுமே அவகாசம்தான் வாங்கித் தரும்.

இப்போது உங்கள் கணக்கு. 24,999-ல் 18 சதவீத ஜிஎஸ்டி போனால் 21,186. ஆன்லைன் தளத்தின் கமிஷனை 15 சதவீதம் என்று வைத்தால் 3,178 கழியும். பேக்கிங், கூரியருக்கு 600, திரும்பி வரும் பெட்டிகளின் நஷ்டத்துக்கு ஒவ்வொரு ரோபோவின் தலையிலும் 900, வாரண்டிக்கு 1,200, விளம்பரத்துக்கு 2,000. மிச்சம் 13,308. பாகங்களும் அசெம்பிளியும் 11,500-க்குள் முடிந்தால் கையில் நிற்பது 1,808 ரூபாய். மாதம் 200 ரோபோ விற்றாலும் மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். வாடகை, சம்பளம், மோல்டு கடன் எல்லாம் இதற்குள். போட்டியாளர் பண்டிகைச் சலுகையில் 3,000 குறைத்தால் நீங்கள் நஷ்டத்துக்கு விற்பீர்கள். அதனால் ஆன்லைன் தளத்தை முதல் வாசலாக வைக்காதீர்கள். கமிஷன், விளம்பரம், ரிட்டர்ன் மூன்றும் சேர்ந்து தின்னும் 6,000 ரூபாயை சர்வீஸில் போடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், அவர்கள் இல்லை. உங்கள் பலம் அது ஒன்றுதான்.

நம் ஊரில் வேலை துடைப்பதில்தான் இருக்கிறது. கார்ப்பெட் வீட்டுக்காக வடிவமைத்த ரோபோ நம் டைல்ஸ் தரையில் ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போவதோடு சரி. பாதி வீட்டிலேயே துணி அழுக்காகி, மீதி வீட்டுக்கு அந்த அழுக்கைப் பூசும். சுழலும் இரட்டைத் துணியும் அழுத்தமும் வேண்டும். ஒவ்வொரு அறைக்குப் பிறகும் துணியைக் கழுவ வேண்டும். பம்ப் தெரிந்தவர்கள் நீங்கள், இங்கே உங்கள் கை ஓங்கும். ஆனால் உப்பு குறைந்த சிறுவாணித் தண்ணீரில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். போர் தண்ணீரில் மூன்று மாதம் ஓட்டுங்கள். சொட்டு விடும் துளையில் உப்பு படிந்து ஒரு பக்கம் அடைக்கும். துணி பாதி காய்ந்தபடியே போகும். கழற்றிக் கழுவக்கூடிய நாசில் இதற்குப் போதும்.

சோதிக்க வேறு சில வீடுகளையும் தேடிப் பிடியுங்கள். கறுப்பு கிரானைட் போட்ட வீடு: படிக்கட்டு விளிம்பைக் கண்டறியும் அகச்சிவப்பு சென்சாருக்குக் கறுப்புத் தரையில் ஒளி திரும்பாது, பள்ளம் என்று நினைத்து நடுக்கூடத்தில் நின்றுவிடும். கண்ணாடி பதித்த பீரோ: லைடார் அதற்குள் இன்னொரு அறை இருப்பதாக வரைபடம் போடும். அறைக்கு அறை நிலைப்படி: 2 சென்டிமீட்டருக்கு மேலே போனால் பெரும்பாலான சக்கரங்கள் திணறும். நீளமான கூந்தல் பிரஷ்ஷில் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். முனையில் உள்ள பேரிங்குக்குள் இறங்குவது தெரியாது, அங்கே சூடேறி மூடி உருகும். வைஃபையையும் பாருங்கள். வீட்டு ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் வைத்திருந்தால் இணைப்பு தடுமாறும். வாங்கியவர் ரோபோவே கெட்டது என்று திருப்பி அனுப்புவார். ஆப் இல்லாமலே ஒரு பொத்தானில் ஓட வேண்டும். கரண்ட் போய் ரூட்டர் அணைந்தாலும் தினசரி நேரம் ரோபோவின் நினைவில் இருக்க வேண்டும்.

மோல்டுக்குப் பணம் கட்டும் முன் 40 வீட்டில் 30 நாள் கொடுங்கள். ஒரே ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: பத்து முறை ஓட்டினால் எத்தனை முறை மனுஷன் போய்த் தூக்கிவிட வேண்டியிருந்தது? ஒன்றுக்கு மேல் போனால் விற்பனையைத் தொடங்காதீர்கள். அறுபது வயது மாமியாரை நாற்காலியை விட்டு எழவைக்கும் ரோபோ இரண்டாவது வாரம் கட்டிலுக்கடியில் போய்விடும்.

வழிகண்டறியும் மென்பொருளைப் புதிதாக எழுத உட்காராதீர்கள். போர்டும் லைடாரும் வாங்கிப் போடுங்கள், துடைக்கும் தர்க்கத்தை மட்டும் சொந்தமாக எழுதுங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம்: பாகத்தை நிறுத்துவதாக இருந்தால் ஆறு மாதம் முன்பே சொல்ல வேண்டும், சப்ளையர் மூடினால் ஃபர்ம்வேரின் (போர்டுக்குள் ஓடும் மென்பொருள்) மூலநிரல் உங்களுக்கு வர வேண்டும். கேமராவை விட்டுவிடுங்கள். சோதனை ரூம்பாக்கள் எடுத்த படங்கள், கழிவறையில் இருந்த ஒரு பெண்ணின் படம் உட்பட, ஒப்பந்தப் பணியாளர்கள் வழியாகக் கசிந்தது 2022-ல் செய்தியானது. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்போது நம் தலைக்கு மேலேயும் இருக்கிறது.

லித்தியம் பேட்டரிக்கும் அடாப்டருக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு, வைஃபைக்கு டபிள்யூபிசி (மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு) அனுமதி, மின்கழிவு மற்றும் பேட்டரிக் கழிவு விதிகளின் கீழ் உற்பத்தியாளர் பதிவு ஆகியவற்றை இப்போதே தொடங்குங்கள். ஏற்கெனவே பதிவான பேட்டரி பேக்கை வாங்கினால் அலைச்சல் பாதியாகும். காப்புரிமைத் தேடலை சென்னை கிண்டி காப்புரிமை அலுவலகம் தெரிந்த ஏஜெண்டிடம் டிசைனை உறுதி செய்யும் முன் கொடுங்கள்.

முதல் 300 ரோபோக்களை கோவைக்குள்ளேயே, 100 வீட்டுக்கு மேல் உள்ள குடியிருப்புகளில் நேரடியாக விற்றுப் பாருங்கள். 48 மணி நேரத்தில் வீட்டுக்கு வந்து சரிசெய்வோம், முடியாவிட்டால் மாற்று ரோபோ தருவோம் என்று எழுதிக் கொடுங்கள். இதற்கு 300-க்கு 10 ரோபோவாவது கையிருப்பில் வேண்டும். துணி, பிரஷ், ஃபில்டர் ஆண்டுப் பொட்டலமாகப் போகட்டும். பேட்டரி பேக்கில் நான்கு செல் வரிசையாக இருப்பதால் ஒன்று தளர்ந்தாலே முழு பேக்கும் படுத்துவிடும். வெயில் காலத்தில் சார்ஜிங் நிலையம் பால்கனிப் பக்கம் இருக்கும் வீட்டில் இது சீக்கிரம் நடக்கும். அந்தப் பேக்கை வீட்டுக்காரரே இரண்டு திருகைக் கழற்றி மாற்றும்படி மூடியை வையுங்கள்.